இரண்டு போனுக்கு ஒரு பாஸ்வேர்ட்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நாடகம் பார்த்தாலும் மடியில் ஒரு கட்டுக் கீரை இருக்கவேண்டும். சிவப்பு விளக்கில் கார் நின்றால் ஸ்ரியரிங்கில் விரல் தாளம் போடும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன் மேசையில் வேலை செய்கிறேன். அங்கும் கதிரையில் இருப்பதைவிட எழும்பி நிற்பதுதான் அதிகம். என் கணவர் இதற்கு நேர்மாறு. ஒரு பிளெண்டர் வாங்குவதென்றால் மூன்று கிழமை ஆராய்ச்சி செய்வார். அந்த மூன்று கிழமையும் பழைய பிளெண்டரின் உடைந்த மூடியைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு சம்பல் அரைப்பது நான்.

ஆகவே, எங்கள் மகள் தனக்கு ஐபோன் வேண்டும் என்று கேட்டபோது வீட்டில் இரண்டு விதமான அமளி தொடங்கியது.

அப்போது நாங்கள் நகரத்துக்கு வெளியே இருக்கிற அஜக்ஸுக்குக் குடிவந்து ஐந்து மாதம். அதற்கு முன் பதினாறு வருடம் ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அந்தக் கட்டடத்தைத் தவிர அவளுக்கு வேறு வீடு தெரியாது. அதே கட்டடத்தில் அவள் வயதில் இன்னும் மூன்று பெண்பிள்ளைகள். நாலு பேரும் ஒரே வகுப்பு, ஒரே லிஃப்ற், ஒரே பஸ். ஒருத்தியின் வீட்டில் கொத்துரொட்டி என்றால் நாலு பேரும் அங்கேதான். பிறகு நாங்கள், அஜக்ஸில் விலை கொஞ்சம் குறைவு என்று, நிலக்கீழ் அறையும் பின்வளவும் உள்ள ஒரு வீட்டை வாங்கினோம். வீடு பார்க்கப் போன அன்று பின்னேரமே கையெழுத்து வைப்போம் என்று நின்றவள் நான். கணவருக்கு வழக்கம்போல மூன்று கிழமை தேவைப்பட்டது. நான் விடவில்லை. மகளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள், இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்த மூன்று சிநேகிதிகளிடமும் இருப்பது ஐபோன். அவளிடம் இருப்பது தகப்பன் வாங்கிக்கொடுத்த அன்ட்ரொயிட். ஐபோன்காரர் தங்களுக்குள் மெசேச் அனுப்பினால் அது நீலக் கட்டத்தில் வரும். நடுவில் ஓர் அன்ட்ரொயிட் நுழைந்துவிட்டால் எல்லாம் பச்சை. இவள் ஒருத்தியால் நாலு பேர் கொண்ட அந்தக் குழு முழுவதும் பச்சையாகிவிடுகிறதாம். படங்கள் மங்கலாம். சில மெசேச் வந்து சேர்வதே இல்லையாம். அதனால் அந்த மூன்று பேரும் இப்போது தனியாக வேறொரு குழுவில் கதைக்கிறார்களாம்.

"அவையளிலை பிழை இல்லை அம்மா. என்ரை போன்தான் பிரச்சினை."

என் கணவர் சோற்றுக் கையைத் துடைத்துவிட்டு எழும்பினார். போன் விஷயம் என்றால் அவருக்குச் சாப்பாடும் பிறகுதான். அதெல்லாம் பழைய கதை என்றார். இப்போது புது முறை வந்துவிட்டது, இரண்டு வகைப் போனும் கலந்திருந்தாலும் படம் தெளிவாகப் போகும், மெசேச் ஒழுங்காகச் சேரும் என்றார். மேசையில் இருந்த கத்தரிக்காய்க் குழம்பைத் தன் போனில் படமெடுத்து என் ஐபோனுக்கு அனுப்பிக் காட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. எண்ணெய் மினுங்குவது கூடத் தெரிந்தது. மூன்று முறை அனுப்பினார், மூன்று முறையும் வந்தது. மகள் படத்தைப் பார்க்கவில்லை. தன் கோப்பையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னது சரி. அவர் சொல்வது சரியாக இருக்கிறபோதுதான் எனக்கு அதிகம் கோபம் வரும்.

அந்தச் சனிக்கிழமை பிக்கரிங்கில் என் தம்பியின் வீட்டில் பிறந்தநாள். தம்பி ஐபோன் கட்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிது வாங்குவான், பழையது எனக்கு இறங்கிவரும். என் கணவர் அன்ட்ரொயிட் கட்சி. இரண்டு பேரும் ஒரு கையில் றோல்ஸும் மறுகையில் போனுமாக அடுக்களைக் கதவடியில் நின்று வாக்குவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். அன்ட்ரொயிட்டில் அதே விலைக்குப் பெரிய பற்றரி, கூடிய இடம், விரும்பியதை விரும்பிய மாதிரி மாற்றலாம், எந்த விலையிலும் ஒன்று வாங்கலாம் என்றார் இவர். ஐபோனுக்கு எத்தனையோ வருடம் அப்டேட் வரும், விற்கப் போனால் விலை நிற்கும், ஒன்றை வாங்கினால் மற்றதெல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றான் அவன். அந்த ஒட்டிக்கொள்வதுதான் பிரச்சினை, பிறகு வெளியே வரவிடமாட்டார்கள் என்றார் இவர். தம்பி "அத்தான், வெளியிலை வந்து என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு இந்தப் பட்டியல் எதுவும் காதில் ஏறவில்லை. கலியாண மண்டபங்களில் எங்கள் ஆட்கள் போனை மேசையில் எப்படிக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். பின்பக்கத்துக் கமராக்கள் மேலே தெரியவேண்டும். அதற்காகவே முதுகு தெரிகிற கண்ணாடி உறை போடுகிறவர்கள் உண்டு. பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் என் பிள்ளை கேட்டது அந்தப் பெருமைக்கும் இல்லை. அந்த மூன்று பேரும் தன்னை விட்டுவிட்டுத் தனியாகக் கதைக்கிறார்கள் என்று சொன்னாளே, அது மட்டும்தான் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வீடு மாறும் அவசரத்தில் அவளிடமிருந்து அந்த மூன்று பேரையும் பறித்தது நான். ஒரு போன் அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் என்றால், அதற்கு மூன்று கிழமை யோசிக்க என்னால் முடியாது.

அடுத்த நாளே மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் இருக்கிற போன் கடைக்குப் போனேன். மீன்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கடை. கடைக்கார அண்ணை எங்களுக்குப் பத்து வருடப் பழக்கம். இரண்டில் எது நல்லது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். இரண்டும் இப்போது ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்.

"இஞ்சை வாறவை மெமரி எவ்வளவு, சிப் என்ன எண்டு கேக்கிறேல்லை தங்கச்சி. அவளின்ரை போன் எது, இவன்ரை போன் எது எண்டுதான் கேக்கினம். தனிய நிக்கப் பயம், அவ்வளவுதான்."

மகள் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே குனிந்து நின்றாள். காது கேட்கிற தூரம்தான். நான் கதையை மாற்றி, உறை ஒன்றும் வேண்டும் என்றேன்.

போனை இயக்கியது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கணவர் முகத்தை நீட்டிக்கொண்டு நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டார். ஐபோன் எக்கவுண்ட் ஒன்று கேட்டது. இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு எக்கவுண்ட் போதும். படம் பார்ப்பதற்கு, சாமான் ஓடர் பண்ணுவதற்கு, கரண்ட் பில்லுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அந்தப் பாஸ்வேர்ட் அநேகமாக நாங்கள் கனடாவில் வந்திறங்கிய திகதியாக இருக்கும். பிறந்த திகதியைப் பொலிஸுக்கும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்கும் மாற்றி மாற்றிச் சொன்ன சனம் நாங்கள். இறங்கிய திகதி மட்டும் ஒருவருக்கும் மறக்காது. என் போனில் தம்பி திறந்து தந்த எக்கவுண்டுக்கும் அதுதான் பாஸ்வேர்ட். அதையே மகளின் போனிலும் போட்டேன். தான் பிறப்பதற்கு முன் வந்த ஒரு நாளை அவள் மனப்பாடமாகத் தட்டினாள்.

உடனே என் போனில் இருந்ததெல்லாம் அவளுடைய போனுக்குள் இறங்கத் தொடங்கியது. மீன்கடை நம்பர், பழைய மீன்கடை நம்பர், கோயில் ஐயர், சாறிக்கு பிளவுஸ் தைக்கிற அன்ரி, அவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். நான் சேர்த்து வைத்த காலை வணக்கப் படங்களும் வந்தன. மகள் அவற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிளினிக்கில், ஒரு நோயாளிக்கு அடுத்து வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் போனில் தம்பியின் மெசேச் வந்தது. கடைசியில் நீயும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாய், மாமா வாழ்த்துகிறேன் என்று எழுதியிருந்தான். என்னை எதற்கு வாழ்த்துகிறான் என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது. அது மகளுக்கு அனுப்பியது. எக்கவுண்ட் ஒன்று என்பதால் அவளுக்கு வருவது எனக்கும் வருகிறது.

அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அவளுக்குத் தனியாக ஓர் எக்கவுண்ட் திறந்தால் சரி. தம்பியைக் கேட்டிருந்தால் போனிலேயே சொல்லித் தந்திருப்பான். நான் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் பார்ப்போம், அந்தப் பிள்ளைகள் எழுதுகிறார்களா என்று மட்டும் பார்ப்போம் என்று எனக்கு நானே சொன்னேன். கள்ளத்தனம் என்று தெரியும். வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை.

அன்று நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் விட்ட நேரம், அவள் நாலு பேரும் இருந்த பழைய குழுவுக்கு எழுதினாள். ஆங்கிலத்தில் ஒரே வரி: நான் இப்போது நீலம். பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு நோயாளிகளுக்குப் பெயர் பதிந்தேன். ஒருவருடைய பெயரை மாற்றி எழுதிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். நாலரைக்கு ஒரு சின்ன இதயம் வந்தது, மூவரில் ஒருத்தியிடமிருந்து. எழுத்து இல்லை. ஐந்து மணிக்கு ஒன்றுமில்லை. வேலை முடிந்து வரும்போது 401 நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன, என் போன் பக்கத்து இருக்கையில் கிடந்தது. ஒருமுறை அது வெளிச்சம் அடித்தபோது, பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். மரக்கறிக் கடையின் விளம்பரம். நான் வீட்டுக்கு வந்தபோது மகள் தன் அறையில் இருந்தாள். நான் தேவையில்லாமல் இரண்டு தரம் மாடிக்கு ஏறி, தோய்த்த உடுப்பை வைக்கிற சாட்டில் கதவடியில் நின்றுவிட்டு வந்தேன்.

செவ்வாயும் புதனும் அப்படியே. கிளினிக்கில் போன் சத்தத்தைக் கூட்டிவைத்தேன், பிறகு வைத்தியர் முறைத்ததால் குறைத்தேன், பிறகு கழிவறைக்குள் போய்ப் பார்த்தேன். சமைக்கும்போது அதை உப்புப் போத்தலுக்குச் சாத்தி வைத்தேன். இரண்டு நாளில் பருப்பு இரண்டு முறை அடிப்பிடித்தது. கணவர் எனக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை, புது அப்டேட் வந்திருக்கிறது, பழகுகிறேன் என்றேன். அவருக்கு அது சந்தோஷம், எந்த அப்டேட் என்று கேட்டு விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அன்று சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னதும் இதுதானே? மெசேச் ஒழுங்காகத்தான் சேரும் என்று மூன்று முறை அனுப்பிக் காட்டினாரே. சேரும் என்றால், பழைய போனிலும் சேர்ந்திருக்கும். மெசேச் வராததற்குக் காரணம் போன் இல்லை. அனுப்ப ஆள் இல்லாததுதான். அவர் பச்சையையும் நீலத்தையும் பற்றி யோசித்தார், நான் காசைக் கொடுத்து வாங்கினேன், இரண்டு பேரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவள் இன்னொரு முறை எழுதினாள். சனிக்கிழமை ஸ்காபரோவுக்கு வருகிறேன், மோலில் சந்திப்போமா என்று. ஒருத்தி மட்டும் பதில் எழுதினாள்: அன்றைக்கு வீட்டில் அலுவல், சொறி. மற்ற இரண்டு பேரும் எழுதவில்லை. பரவாயில்லை, அடுத்த முறை என்று மகள் எழுதினாள். பிறகு அந்தக் குழுவில் எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு என் கிளினிக்கில் பல் துப்புரவு. அது முடிந்ததும் பிளாசாவில் மட்டன் றோல்ஸ் வாங்கிக்கொண்டு காருக்குள் இருந்து சாப்பிட்டோம். வெளியே ஓரமாகத் தள்ளிவிட்ட பனி அழுக்காகக் கிடந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் பழைய கட்டடம் நின்றது. ஒன்பதாம் மாடியில் யாரோ பல்கனிக்கு நீலத் திரை போட்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டு மென்றாள்.

எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒருக்கால் போய்ச் சிநேகிதிகளைப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டேன். அவர்களுக்கு நேரமில்லை என்றாள்.

"ஓம், அவளுக்கு வீட்டிலை அலுவல் எல்லோ" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. றோல்ஸ் சுற்றி வந்த கடதாசியை மடித்தேன், விரித்தேன். கார் ஹீற்றரைக் கூட்டினேன். ஏதாவது ஒரு பொய் சொல்லலாம் என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், உன்னுடைய மெசேச் எல்லாம் என் போனுக்கும் வருகிறது, எக்கவுண்ட் ஒன்று என்பதால், நான் மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும் அம்மா."

"எப்ப தொடக்கம்?"

"ஃபெர்ஸ்ற் டே. மாமா எழுதினதை நான் திறக்க முதலே ஆரோ திறந்து வாசிச்சிருந்தது. உங்களைத் தவிர ஆர்?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கள் மாத்திப்போடுவியள்." கடதாசியில் விரலைத் துடைத்தாள். "மாத்தினா நான் உங்களுக்கு வாயாலை சொல்லவேணும். அவையள் எழுதிறேல்லை எண்டு. இப்பிடி எண்டா நீங்களே பாப்பியள்தானே."

அந்த ஐந்து நாளும் நான் ஒளிந்திருந்து பார்த்தேன் என்று நினைத்தேன். அவள் எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் ஒரு போனைக் குற்றம் சொல்லி அந்த மூன்று பேரையும் காப்பாற்றியிருக்கிறாள். எங்களையும் காப்பாற்றியிருக்கிறாள். வீடு வாங்கின எங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தாயின் நம்பர் என்னிடம் இருந்தது, இப்போதே எடுத்துக் கேட்கலாம். நேரே கட்டடத்துக்குப் போய் பஸரை அடிக்கலாம். மூன்று பேரையும் அஜக்ஸுக்குக் கூப்பிட்டு, பின்வளவில் கோடையில் ஒரு பாபகியூ வைக்கலாம். இதெல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது. வீடு மாறியது பிழையா என்றும் கேட்டேன்.

"வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள். என்னைத் தேற்றுகிற குரல். பதினைந்து வயதில் அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நான் அழத் தொடங்கிவிட்டேன். அழுதுகொண்டே கப் ஹோல்டரில் இருந்த என் போனை எடுத்து, செற்றிங்ஸைத் திறந்து, இப்போதே உனக்குத் தனி எக்கவுண்ட் போடுகிறேன், நீயே ஒரு பாஸ்வேர்ட் வை, நான் பார்க்கமாட்டேன் என்றேன். கண் மங்கலில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. எதையோ அழுத்தினேன், எங்கேயோ போனது.

அவள் போனை என் கையிலிருந்து மெல்ல எடுத்தாள். தன்னுடையதையும் எடுத்தாள். இரண்டையும் கிளவ் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"நாளைக்குச் செய்வம் அம்மா. ஒருத்தருக்கும் கோல் எடுக்காதேங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ. என்னோடை கொஞ்ச நேரம் சும்மா இருங்கோ."

கார் என்ஜினை நிறுத்தினேன். ஹீற்றரும் நின்றது. சீற்றில் முதுகைச் சாய்த்து, கைகளை மடியில் வைத்தேன். விரல்கள் தாளம் போடத் தொடங்கின. அவள் தன் கையை அவற்றின் மேல் வைத்து அமத்தினாள். கண்ணாடியில் மூச்சுப் படிந்து, எதிரே இருந்த கட்டடம் மெதுவாக மறைந்தது. நான் சும்மா இருந்தேன்.